ஐந்தாவது லேப் டிப்

நாலு தடவை திருப்பிவிட்டார்கள்.
முதலில் சிவப்பு தூக்கல் என்றார்கள்,
அடுத்தது செத்த பழுப்பு,
அப்புறம் மழையில் நனைந்த செங்கல்.
நாலாவதற்குக் காரணமே எழுதவில்லை.

டென்மார்க்கில் ஏதோ ஒரு ஊரில்
பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பீர்ப் பட்டறை.
அவர்கள் காய்ச்சும் பீரின் நிறத்திலேயே
அறுநூறு டி-சர்ட் வேண்டுமாம்.
அறுநூறு!
எங்கள் அருள்புரத்துச் சாயப்பட்டறையில்
ஒரு மெஷினின் பல்லுக்குக்கூடப் பத்தாது.

கடைசியில் பையரின் ஆள்
சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி
அந்தப் பாட்டிலையே கொண்டுவந்தார்.
லைட் பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டு
"இதான் ஸ்டாண்டர்டு" என்று போனார்.

பிரவுன் ஏல். ரை சேர்த்தது.
"ரைன்னா நம்ம கம்புங்களா அம்மிணி?"
பாய்லர் குப்பணன் கேட்டார்.
செல்போன் கம்பு என்றது, பிறகு புல்லரிசி என்றது.
படத்தைப் பார்த்தால்
கோதுமைக்குப் பங்காளி மாதிரி,
வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பங்காளி.

பீக்கரில் நூறு மில்லி ஊற்றினேன்.
நுரை, சாயமேறாத கிரே துணி.
பகல் விளக்கில் பழுப்பு,
கடை விளக்கில் லேசாகப் பாசி,
வீட்டு பல்பில்
இதுவரை யாரும் சொல்லாத ஒரு சிவப்பு.
துணி வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.
இது உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு
மிச்சத்தைத்தான் காட்டியது.

ஓனர் கிருத்திகைக்குச் சிவன்மலை போயிருந்தார்.

லேபில் எதையும் வாயில் வைக்காதே என்பது
டிப்ளமாவின் முதல் வாரப் பாடம்.
பேக்கரிக்கு ஆள் அனுப்பி
மூன்று பேப்பர் கப் வாங்கிவரச் சொன்னேன்.

நாக்கு இனிப்புக்குத் தயாராக இருந்தது.
வந்தது
தோசைக்கல்லில் மறந்துவிட்ட ரொட்டியின் ஓரம்.
அதன் பின்னால் வறுகடலைத் தோல்.
பாகு தீய்வதற்கு ஒரு நொடி முன்பு
அடுப்பை அணைத்த மாதிரி ஏதோ ஒன்று.
அவ்வளவுதான் என்று விழுங்கிய பிறகு
தொண்டையின் பக்கவாட்டில் ரை:
மிளகே போடாத ரசத்தில்
மிளகு இருந்ததாக ஒரு வதந்தி.
அப்புறம் எல்லாம் உலர்ந்துபோனது,
கடுக்காயில் கால்வாசித் துவர்ப்பாய்.

"இதுக்கா சூட்கேஸ்ல சுத்தி வந்தாங்க?
சில்லுனு இருந்திருந்தாலும் பரவால்லீங்"
என்ற குப்பணன்
காலிக் கப்பை மறுபடி நீட்டினார்.

சோமாய் முர்மு குடிக்காமல்
ரொம்ப நேரம் மோந்துகொண்டிருந்தான்.
தும்காவிலிருந்து வந்து மூன்று வருடம்,
வாய் திறந்தால் சாய நம்பர் மட்டும்தான் சொல்வான்.
"எங்க ஊர்ல அரிசி போடுவோம் அக்கா.
இது குளிர்ல நின்ன பயிரு."
கடகடவென்று குடித்துவிட்டுப்
பிப்பெட் கழுவப் போனான்.

துவர்ப்பு என்றால் மஞ்சள் என்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
சிவப்பை ஒரு மயிரிழை இறக்கி
மஞ்சளை 0.04 ஏற்றி
ஐந்தாவது டிப்பைப் போட்டேன்.
துணி காய்வதற்குள்
பாட்டிலும் காய்ந்திருந்தது.

விபூதியோடு வந்த ஓனர் தேடினார்.
"ஸ்டாண்டர்டு எங்கீம்மிணி?"
"ஆவியாயிருச்சுங்" என்றார் குப்பணன்,
பாய்லர் ஓட்டுகிறவர் சொன்னால்
நம்பவேண்டிய வார்த்தைதான்.
ஓனர் கவிச்சிகூடத் தொடமாட்டார்.
மேஜைமேல் கப் வைத்த ஈர வட்டங்களை
ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்று.
"செரி, கலர் சிக்குச்சா?"
"சிக்குச்சுங்" என்றேன்.
பாதி உண்மை.

அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்கலை
டெஸ்ட் டியூபில் ஊற்றித் தேதி எழுதி வைத்தேன்.
திங்கட்கிழமை பார்த்தால்
அது வேறொரு பழுப்பு.

டிப் கூரியரில் போய் ஒன்பது நாள்.
மெயில் வரவில்லை.
நடுவில் ஒருமுறை டீ குடிக்கும்போது
"அந்த வதந்தி இன்னும் இருக்குதுங்களா?"
என்று கேட்டார் குப்பணன்,
தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி.