நாலாம் கமராவில் ஒரு சிறு திருத்தம்

மஸ்கெலியா நகரில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே
சொக்கலிங்க முதலாளியின் கடை.
முன்னால் அரிசி, மா, சீனி.
பின்னால் உர மூடைகள்.
மேலே ஆளில்லாத இரண்டு அறை.

போன வாரமே வந்து அளந்து
கோடு போட்ட தாளில் கீறிக்கொண்டு போனேன்:
வாசல் பதினொரு அடி,
படிக்கட்டின் வளைவு,
லொறி பின்னுக்கு வந்து நிற்கும் சந்து.
எட்டுக் கமரா கேட்கிற கட்டடம்.
ஆறுக்குத்தான் காசு என்றார்.
ஆறென்றால்
எதைப் பார்க்காமல் விடுவது என்பதுதான் வேலை.

"களவு எந்தப் பக்கத்தால போகுது?"
"தெரிஞ்சா ஒன்ன ஏன் கூப்பிடுறேன்?"
மீன் டின் குறைகிறது.
பால்மா பக்கெட் குறைகிறது.
போன மாதம் ஒரு மூடை யூரியா
தானே நடந்து போயிருக்கிறது.

வெளிக் கமராவைக் கூரைக்குக் கீழே
ஒரு முழம் உள்ளே தள்ளிப் பூட்டினேன்.
இந்த ஊரில் இரவானால்
மிஸ்டு இறங்கி வந்து லென்சுக்கு முன்னால் நிற்கும்,
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்
அதில் பட்டுத் திரும்பும்,
திரை முழுக்கப் பால்.
அப்புறம் சிலந்தி.
வெதுவெதுப்புக்கு வந்து வலை கட்டும்.
விடிய எழும்பி ஓட்டிப் பார்த்தால்
கடையைச் சுற்றி எட்டுக் கால் பூதம்.
"மாசம் ஒருக்கா தும்புத்தடியால தட்டிவிடுங்க."
சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில்
குறித்துக்கொண்டார்.

டிலக்சன் சுவரைத் துளைத்தான்.
வெள்ளைக்காரன் கட்டிய கருங்கல்.
மூன்று பிட் முறிந்தது.
பில்லில் போட்டேன்.

நாலாவது, கல்லாவுக்கு மேலே.
திரையில் எல்லாம் விழுந்தது:
லாச்சி, தராசு, முதலாளியின் வழுக்கை,
மேசை மூலை,
மூலையில் நீல மட்டைக் கொப்பி.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தாள்.
இடுப்பில் இன்னும் அவிழ்க்காத படங்கு.
எதுவும் கேட்கவில்லை.
கொப்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.
முதலாளி அவளைப் பார்த்தார்,
பிறகு திரையைப் பார்த்தார்.
அங்கே அவள் வகிடு, நனைந்த தோள்,
கைக்குள் நாலாக மடித்த சீட்டு,
மடிப்பு எண்ணலாம் போல அத்தனை துல்லியம்.

"தம்பி, அதக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பு."
"திருப்புனா மேச விழாது முதலாளி."
"விழ வேணாம்."
"கணக்கு எழுதுற எடம்..."
"கடன் கேக்குற மொகம் பதியக் கூடாது."

நல்ல வார்த்தை.
மறுக்கவில்லை.
ஆனால் அந்தக் கொப்பியில்
இடது பக்கம் கடன், வலது பக்கம் வட்டி.
எங்கள் வீட்டுப் பெயர் அதில் எட்டு வருஷம் இருந்தது.
முந்நூறு ரூபாய் மா
தீபாவளிக்குள் ஐந்நூறாகிற வித்தை
இதுவரை எந்தக் கமராவிலும் விழுந்ததில்லை.
அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
ஹட்டன் கடைப் பெயர் அடித்த டீ-சேர்ட்
அதற்கு உதவியது.

ஏணியில் ஏறித்
திருகாணியைத் தளர்த்தினேன்.
ஒரு விரல் அளவு, இடது பக்கம்.
மேசை மூலை நழுவியது.
கொப்பி போனது, பெண் போனாள்,
முதலாளியின் வலது கையும் போனது.
மிஞ்சியது தராசு.
இப்போது சரியாக நடுவில்,
முள் எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று
வாசிக்கிற அளவுக்கு.
அது அவர் கேட்காதது.
கவனித்தாரோ என்னவோ,
"சரி, எறங்கு" என்றார்.

தாளில் அந்த இடத்தைப் பென்சிலால்
சாய்வாகக் கோடிழுத்து நிரப்பினேன்.
நாலடிக்கு மூன்றடி. மறைவு.
கடைக்காரர் சொன்னபடி.
கீழே கையெழுத்து வாங்கினேன்.

அரைக் கிலோ பருப்போடு
அவள் சந்துப் பக்கமாக இறங்கினாள்.
ஐந்தாம் கமராவில் கொஞ்ச தூரம்.
அதற்கப்பால் மிஸ்டு.