மஞ்சள் நகல்

காலை ஐந்தே முக்கால். மேற்கு வர்ஜீனியா.
லாரிக் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டுகிறேன்,
காலாவதியான பேங்க் கார்டால்.
பிறகு படிவம்.
டயர், விளக்கு, வைப்பர், ஹார்ன்.
எட்டாவது கட்டத்தில் பிரேக்.
"மிதித்தால் தரைவரை போகிறது."
நேற்றும் இதையேதான் எழுதினேன்.
கையெழுத்துகூட அலுத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறது.

வெள்ளைத் தாள் அலுவலகத்துக்கு.
மஞ்சள் நகல் புத்தகத்திலேயே தங்கும்.
அலுவலகத்தில் ஒரு விறகடுப்பு உண்டு;
எங்களிடம் விறகுக்கா பஞ்சம்,
பற்றவைக்கத்தான் காகிதம் வேண்டும்.

ஹார்லன் ஸ்டௌட் நல்ல மனிதர்தான்.
என் மகளின் பல்லுக்குக் கடன் கொடுத்தார்.
கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பன்றித்தொடை.
பிரேக் என்றால் மட்டும்
அவருக்கு ஒரு காது மந்தம்.
"ரெண்டு தடவை மிதி, பிடிக்கும்."

கிளை அரைக்கும் சிப்பரின் அவசரத் தடையை
கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
சும்மா சும்மா நின்றுவிடுகிறதாம்.
நிறுத்தத்தானே அது?
பக்கெட் லாரியின் நீண்ட கையில் எண்ணெய்க் கசிவு;
கீழே பூனைமண் கொட்டி மூடியாயிற்று.
அந்தக் கையின் நுனியில், அறுபதடி உயரத்தில்,
விசிலடித்தபடி கிளை அறுப்பான் வெர்லின்.
அவன் இடுப்புப் பட்டையில் தைத்திருந்த தேதித்துணியை
யாரோ கத்தரித்திருந்தார்கள்.
பட்டையின் வயது பட்டைக்கே தெரியக் கூடாது.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், சரி.
மரம் வெட்டுகிறவனுக்கு
பிரேக் ஆயில் ஊற்ற எவன் வருவான்?

அக்டோபர் பத்து, வியாழன்.
பாதிரியார் மேட்டின் இறக்கம்.
பின்னால் மூன்று டன் சிப்பர்,
பக்கத்தில் வெர்லின், மடியில் முட்டை சாண்ட்விச்.
ரெண்டு தடவை மிதித்தேன்.
மூன்று.
ஏழுவரை எண்ணினேன்.
கீழே பள்ளிப் பேருந்து நிறுத்தம்,
ஒரு ஊதா நிறப் பை,
அதைச் சுமந்த யாரோ.
வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை,
திருப்பினேன்.

ஆப்பிள் தோட்டம் இருந்தது.
மூன்று மரங்கள் வேரோடு போயின, நான்காவது
எங்களைப் பிடித்துக்கொண்டது.
வெர்லினுக்குத் தோள். எனக்கு முன்பல் இரண்டு.
முட்டை எல்லா இடத்திலும்.

ஹார்லன் வந்தார்.
முதலில் சிப்பரை ஒரு சுற்றுச் சுற்றினார்,
குனிந்து அச்சைப் பார்த்தார்.
பிறகு விழுந்த மரங்களை எண்ணினார், நஷ்டஈடு பேச.
பிறகு எங்களிடம் வந்து
"யாருக்கும் ஒன்றும் இல்லை" என்றார்,
கேள்விக்குறி இல்லாமல்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று
வெர்லினின் தோளைத் தட்டினார்.
அந்தத் தோளை.

நவம்பரில் லாரி திரும்பி வந்தது.
புதுக் கதவு, பழைய பிரேக்.
கதவில் ஓக் இலைச் சின்னம், மினுமினுவென்று.
சாவி இப்போது ஆர்வில் கையில்.
ஐம்பத்தாறு வயது, இருபத்தெட்டு வருடம் நிலக்கரிச் சுரங்கம்,
மனைவியின் மருந்துக்கு இந்த வேலை வேண்டும்.
படிவத்தை மேலிருந்து கீழாக
ஒரே மூச்சில் டிக் அடித்துக்கொண்டு வருகிறார்.
ஆறு.
ஏழு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
போன பல்லின் சந்தில் சொற்கள் காற்றாகிவிடுகின்றன.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன்,
நாற்பத்தொரு மஞ்சள் தாள்.

ஒன்றைப் படித்தார். இன்னொன்று.
"எல்லாம் ஒரே வரிதானே" என்று நிமிர்ந்தார்.
தேதியைப் பாருங்கள் என்றேன்.

வாசலில் ஹார்லனின் புது பிக்அப்,
இருக்கையைச் சூடாக்கும் வசதி கொண்டது,
ஹார்ன் அடிக்கிறது.
ஆர்வில் விரலை எச்சில் தொட்டு
அடுத்த தாளைத் தள்ளுகிறார்.