ஏறாத அறுபத்தெட்டு மீட்டர்

பின் சக்கரத்தில் நாற்பது, முன்னால் முப்பத்தாறு.
உமையாள் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து
இரண்டைக் குறை என்றாள்.
சரளைக்குத் தளர்ந்த டயர்தான் நல்லது,
இறுகினது எல்லாம் துள்ளும்.
அவள் பிசியோதெரபிஸ்ட்,
எதையும் அமுக்கிப் பார்த்துத்தான் பேசுவாள்.

நாலரை மணிக் காரைக்குடியில்
தெருவிளக்கும் நாய்களும் மட்டும்.
குன்றக்குடி இறக்கத்தில் பால் வண்டியை முந்தினோம்.
திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு டீயில்
இஞ்சி போதவில்லை என்று அவள் தொடங்கிய குறை
சிங்கம்புணரி வரை நீண்டது.

தார் முடிகிற இடத்தில் யாரும் பலகை வைப்பதில்லை.
சத்தம்தான் மாறும்.
அதுவரை சீறிக்கொண்டு வந்த டயர்
திடீரென்று பொரி மெல்லும்.

செம்மண்ணில் ஆட்டுக் குளம்பு, மயில் நகம், ஒரு டிராக்டர்.
இடப்பக்கம் பிரான்மலை
மேகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு
எங்களைக் கவனிக்காமல் நின்றது.
வலப்பக்கம் தைலமரங்கள், பள்ளிக்கூட வரிசையில்;
காடு என்று சொல்ல வாய் வரவில்லை.
அதைத் தாண்டி உசிலை, விராலி,
கையைக் கீறும் கிளுவை.

ஏற்றத்தில் எழுந்து மிதிக்கக் கூடாது.
எழுந்தால் பின் சக்கரம் சும்மா சுற்றும்,
கல் தெறிக்கும்,
நின்ற இடத்திலேயே வேர்ப்பாய்.
உட்கார்ந்தே, மூச்சை எண்ணாமல்,
அடுத்த மூன்று முழத்தை மட்டும் பார்த்து.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
முழங்காலில் இருக்கிறது.

தடத்தை நான் வரைந்தது மருந்துக்கடையில்,
ஆள் வராத ஒரு மத்தியானம்.
செல்போனில் விரலால் ஒரு நீலக்கோடு:
கண்மாய்க் கரை, மண்குதிரைகள்,
மூக்குக் கரட்டின் மேல் ஏறி
மறுபக்கம் இறங்கிப் பொன்னமராவதி சாலை.
உச்சியில் இட்லி என்று திட்டம்.

கரடு இல்லை.

கோடு நேரே போகச் சொன்னது.
நேரே பள்ளம்.
அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர்,
சுவர் நெடுக வெடிக்குத் துளைத்த கோடுகள்,
ஞாயிறு என்பதால் ஓய்ந்த ஜல்லி மெஷின்,
அதன் வாயில் துடைக்காத வெள்ளைத் தூசி.
உமையாள் குனிந்து
நாங்கள் வந்த பாதையைப் பார்த்தாள்,
பிறகு பள்ளத்தை, மறுபடி பாதையை.
முக்கால் இஞ்சு ஜல்லி.
ஆறு கிலோமீட்டராக
மூக்குக் கரட்டின் மேல்தான் வந்துகொண்டிருக்கிறோம்.
படுக்கவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தகரக் கொட்டகையிலிருந்து காவல்காரர் வந்தார்.
துலால் மாஜி, ஒடிசா.
திட்டப் போகிறார் என்று நினைத்தோம்.
"கியர் எத்தனை?" என்றார்.
பதினொன்று.
"எங்க ஊர்ல மலை நிறைய. சைக்கிள்ல கியர் கிடையாது."
கேட்கக் கூச்சப்பட்டுச் சீட்டை மட்டும் தொட்டார்.
நான் இறங்கிக் கொடுத்தேன்.

லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு,
லாரி இறங்கும் சரிவில்
பிரேக்கே பிடிக்காமல் போனார்.
பள்ளத்தின் தரையில் சின்னதாகிக்கொண்டே போய்
நட்டநடுவில் நின்றார்.
மணியைத் தேடியிருக்க வேண்டும்.
என் வண்டியில் மணி இல்லை.
வாயாலேயே அடித்தார்.
நாலு சுவரும் திருப்பி அடித்தன.

மறுகரை வரை போய், சுற்றிக்கொண்டு
மேட்டில் உருட்டியபடி வந்தார்.
இட்லியை மூன்று பேராகத் தின்றோம்,
மிளகாய்ப்பொடி அதிகம்.

ராத்திரி கணக்குப் பார்த்தேன்.
போன் ஹேண்டில்பாரிலேயே இருந்திருக்கிறது.
உயரத்தை ஆப் தன் பழைய வரைபடத்திலிருந்து எடுக்கும்,
கரடு இருந்த காலத்து வரைபடம்.
காலை எட்டு இருபதுக்கு
ஊசிபோல ஓர் ஏற்றம், அறுபத்தெட்டு மீட்டர்.
உச்சியில் ஒரு நிமிஷ நிறுத்தம்.
பிறகு இறக்கம்.
வேகம் மணிக்கு முப்பத்தொன்று.
இந்த ஏற்றத்தில் இதுவரை இதுதான் சாதனை என்று
என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிரீடம்.

அழித்துவிடவா என்று உமையாளைக் கேட்டேன்.
பெயரை மட்டும் மாற்று என்றாள்.