இரண்டு பைட்

கெமியில் ஜனவரி. காலை பத்து மணிக்கும்
விளக்கு எரிகிற வழக்கறிஞர் அலுவலகம்.
மெர்வி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை,
ஒஸ்மோவின் பட்டியல் வந்துவிட்டது,
இருபத்தாறு வயதான மேக்கிலிருந்து.

பிரிகிறவர்களின் வீட்டுச் சாமான்.
சிவப்பு எழுத்தென்றால் ரைலிக்கு,
நீலம் தனக்கு,
குறுக்கே கோடு அடித்தது இப்போது இல்லாதது
என்று விளக்கமும் எழுதியிருந்தார், பாவம்.

அலுவலகத்து லினக்ஸின் வாயில்
அந்தக் கோப்பு நுழையவில்லை.
பிழிந்து வெறும் எழுத்தாக எடுத்தாள்.

சவுனாவாளிதையல்மெஷின்படகுஏணிகாபிப்பானை
என்று ஒரே வரி,
மூச்சு விடாமல் திரையைத் தாண்டி ஓடியது.
பழைய மேக் வரியை முடிப்பது ஒரு குறியில்,
லினக்ஸ் முடிப்பது வேறொன்றில்.
ஒருவர் சொல்லும் 'போதும்'
மற்றவர் காதில் விழுவதே இல்லை.

ரேசனென் என்ற குடும்பப் பெயரில்
உச்சியில் புள்ளி வைத்த எழுத்து இரண்டும்
கேள்விக்குறியாகியிருந்தன.
தமிழில் புள்ளி போனால்
மெய்க்குள் அகரம் வந்து குடியேறும்.
அங்கே சந்தேகம் வந்திருந்தது.

ஒரு கட்டளை. குறிக்குக் குறி மாற்று.
சடசடவென்று வரிவரியாக விழுந்தது பட்டியல்.
புள்ளிகளையும் தேடிப் பிடித்து வைத்தாள்.
அப்புறம்தான் கவனித்தாள்:
சிவப்பு இல்லை, நீலம் இல்லை,
கோடுகளும் இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் விற்ற படகு
கரையில் கட்டிக் கிடந்தது.
உடைந்துபோன கண்ணாடிக் குடுவை
விரிசலில்லாமல் இருந்தது.
முப்பத்தேழாம் வரியில்
மூஸ்தி எழுந்து உட்கார்ந்து
காதைச் சொறிந்துகொண்டது.

ரைலிக்குப் போன் போட்டாள்.
வாசிக்க வாசிக்க,
"எனக்கு." "அவருக்கு." "அவருக்கு."
"படகா? அதை வித்தாச்சே."
காபிப் பானைக்கு மட்டும்,
"அவர் எந்தக் கலர் போட்டிருந்தார்?"
"தெரியலை. கலர் வரலை."
"சரி, அவருக்கே போடுங்க."

முப்பத்தேழு: நாய், மூஸ்தி.
அந்தப் பக்கம்
பனி தள்ளும் வண்டியின் இரைச்சல்
தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது.
"நாயையுமா எழுதியிருக்கார்?"

வரிகளின் தலையில் முதலெழுத்துகளைத் தட்டினாள்.
இல்லாதவற்றை எடுத்தாள்: படகு, குடுவை, ஏணி.
முப்பத்தேழில் வந்து நின்று
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
தடித்த எழுத்து கிடையாது அங்கே,
சாய்வெழுத்து கிடையாது,
கறுப்புக் கட்டம் கட்ட வழியில்லை.

மேலே ஒரு காலி வரி தட்டினாள்.
கீழே ஒன்று.

அதனால் கூடியது
இரண்டு பைட்.