அங்குசம்

வடாலாவைத் தாண்டி ரயில் நின்று
முக்கால் மணி நேரம் ஆகிறது.
தண்டவாளம் எங்கே போயிற்று என்று
தண்ணீருக்குத்தான் தெரியும்.
மகளிர் பெட்டியில் ஒருத்தி பட்டாணி உரிக்கிறாள்.
இன்னொருத்தி தன் மேலதிகாரியை மராத்தியில் வைது முடித்து
இந்தியில் ஆரம்பிக்கிறாள்.
நான் மடியில் காந்தப் பலகையை விரித்து
அந்தப் பழைய ஆட்டத்தை அடுக்குகிறேன்.

லண்டன், ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று.
பெரிய போட்டி ஒன்றின் இடைவெளியில்
சும்மா ஆடியது. கோப்பை கிடையாது, பணம் கிடையாது.

என் தொழில் தணிக்கை.
ஃபோர்ட்டில் மூன்றாம் மாடி, மின்விசிறிக்கடியில்
அடுத்தவர் கணக்கில் பிழை தேடுவது.
அதனால் கடைசி நிலையை
ஐந்தொகையாகத்தான் முதலில் எழுதினேன்:

கறுப்பிடம் ராணி இருக்கிறாள்.
யானை இரண்டு, மந்திரி இரண்டு, குதிரை இரண்டு.
போனது மூன்றே மூன்று சிப்பாய்.
வெள்ளையிடம் ராணி இல்லை, யானை ஒன்றுகூட இல்லை.
ஒரு மந்திரி, இரண்டு குதிரை, மிச்சம் சில்லறை.
கறுப்பு கொழிக்கிறது என்று
கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

செத்திருந்தது கறுப்பு ராஜா.

அவ்வளவு சொத்தும் எங்கே இருந்தது?
ராணி எதிராளியின் மூலையில்,
யானை தின்ற மயக்கத்தில்.
ஒரு மந்திரி அதே வரிசையின் மறுபக்கம்,
அவனும் ஒரு யானையைத் தின்றுவிட்டு.
சொந்த யானைகள் இரண்டும்
பிறந்த கட்டத்தைவிட்டு அசையவே இல்லை.
நகையெல்லாம் லாக்கரில். திருடன் கூடத்தில்.

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில்
பக்கத்து அறை தர்மேஷ் கொராடியாவுக்கு
நானும் இரண்டு யானையைத் தூக்கிக் கொடுத்தேன்.
முதல் யானைக்கு மனிதர் கண்ணாடியைக் கழற்றினார்.
இரண்டாவதற்கு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.
என் மார்புக்குள் மேளம்.
கொடுக்க இன்னும் என்ன இருக்கிறது என்று தேடினேன்.
கொடுக்கக் கொடுக்கப் பெரிய ஆளாகிக்கொண்டே போனேன்.
அவர் டப்பாவைத் திறந்து
மீதித் தேப்லாவை மென்றபடி, அவசரமே இல்லாமல்,
என்னை முடித்தார்.
கொடுத்தது சரி, எதற்குக் கொடுத்தீர்கள்
என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை.

இன்று தண்ணீருக்கு நடுவில்
பத்தொன்பதாவது நகர்த்தலில் விரல் நின்றுவிட்டது.
ஒரு யானை போயாயிற்று.
இன்னொன்றின் முன்னால் கறுப்பு ராணி
வாயைத் திறந்து நிற்கிறாள்.
வெள்ளை காப்பாற்றவில்லை. சீறவும் இல்லை.
நடுவிலிருந்த சிப்பாயை
ஒரு கட்டம் தள்ளியது.

அவ்வளவுதான். வெட்டு இல்லை, செக் இல்லை.
ஆனால் ராணி வீடு திரும்புகிற குறுக்குப் பாதையில்
இப்போது அது குந்தியிருக்கிறது.
இனி அவள் வேண்டிய மட்டும் தின்னலாம்.
வரத்தான் முடியாது.

எத்தனை முறை அடுக்கியிருப்பேன் இதை.
ஒவ்வொரு முறையும் ராணியைக் கொடுக்கும் இடத்துக்கு
ஓடிப் போய்விடுவேன், கல்யாண வீட்டில்
நேரே பந்திக்குப் போகிறவள் மாதிரி.
யானையை விற்றவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவதா
என்பார்கள். பேச வேண்டும் போலிருக்கிறது.
இரண்டு யானையையும் கொடுத்தவன்
அங்குசத்தை மட்டும் கொடுக்கவில்லை.

இந்த ஆட்டத்தை ஊருக்கு எழுதி அனுப்பியதே
தோற்றவர்தானாம்.
அதை நினைத்துக்கொண்டு
வெள்ளிக்கிழமை ஆட்டத்தை நோட்டில் எழுதினேன்,
ஒரு நகர்த்தல் விடாமல்.
இரண்டு யானைகளுக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில்
வவுச்சர் எங்கே?

பட்டாணிக்காரி எட்டிப் பார்க்கிறாள்.
விரல் வைத்துக் காய்களை எண்ணுகிறாள்.
கறுப்புதானே ஜெயித்தது என்கிறாள்.
நான் முதலிலிருந்து அடுக்கத் தொடங்குகிறேன்.
முறத்தை நகர்த்தி
இடம் பண்ணிக்கொள்கிறாள்.