தாமதத்துக்கான காரணம்

டிரோம்சோ, பிப்ரவரி, காலை ஐந்து நாற்பது.
சூரியனுக்கு இன்னும் மூன்று மணி நேரம் வேலையில்லை.

விமானத்தின் மூக்குக்கடியில் நிற்கிறேன்,
ஒரு கம்பியால் அதோடு கட்டப்பட்டு.
மேலே கேப்டன் ஹால்வோர். நான்கு குளிர்காலமாக
எனக்கு அவர் வெறும் தொண்டை.
இன்று அதில் கொஞ்சம் சளி.

கோபுரத்தில் தூருன் பேசுவது எனக்குக் கேட்காது.
அவள் அவரிடம் சொல்வாள்,
அவர் அதையே அவளிடம் திருப்பிச் சொல்வார்,
பிறகு என்னிடம்.
நானும் திருப்பிச் சொல்ல வேண்டும்.
இந்தத் தொழிலில் "ம்" பதிலாகாது;
வீட்டில் அதை வைத்தே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

"பின்தள்ள அனுமதி. வால் வடக்கே."
"வால் வடக்கே. பிரேக்கை விடுங்கள்."
"பிரேக் விட்டாச்சு."

இழுவை வண்டியில் சோல்வி கியரைத் தட்டுகிறாள்.
அறுபது டன், நூற்று முப்பத்தொரு பேர்,
இன்னும் ஊற்றப்படாத அவர்களின் காப்பி,
எல்லாம் சேர்ந்து
அரைத்தூக்கத்தில் பின்வாங்குகின்றன.

"நில்!"

கத்தியது நான்தான். முஷ்டி தலைக்கு மேலே.
இழுதண்டு ஒருமுறை முனகி அடங்கியது.

"காக்பிட், சக்கரத்துக்குப் பின்னால் முயல்."
"இன்னொரு முறை சொல்."
"முயல். வெள்ளை. உட்கார்ந்திருக்கிறது."

பனிமேல் பனி.
காதுமுனைகள் மட்டும் கறுப்பு,
மை தொட்டு வைத்த மாதிரி
இரண்டு புள்ளி, அசையாமல்.

மேலே அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.
நெடுநேரம் வெறும் மூச்சு,
பிறகு சளித்தொண்டை, வெகு கண்ணியமாக:
"முயலின் உத்தேசம் என்னவென்று
கோபுரம் கேட்கிறது."

"தெரியவில்லை" என்றேன்.
"தெரியவில்லை" என்று திருப்பிச் சொன்னார்.

நாங்கள் நின்ற இடைவெளியில்
ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு ஓர் ஆம்புலன்ஸ் விமானம்
எங்களைக் கடந்து ஓடுபாதைக்குப் போனது.
அதன் விளக்கு மேலே விழுந்ததும் முயல் எழுந்தது,
யாரிடமும் அனுமதி கேட்காமல்
தெற்கே.

அப்புறம் எல்லாம் வழக்கம்போல.
இடது எஞ்சின், வலது எஞ்சின், பிரேக் போட்டாச்சு.
"கம்பியைக் கழற்றுகிறேன். இடப்பக்கம் பாருங்கள்."
"சரி. ஹேய், அந்த முயல்..."
அதற்குள் பிடுங்கிவிட்டேன்.

சிவப்பு நாடா தொங்கும் ஊசியைத் தூக்கிக் காட்டினேன்.
ஜன்னலில் கைவிளக்கு இரண்டு முறை சிமிட்டியது.
முகம் இன்றும் தெரியவில்லை.

படிவத்தில் எழுத வேண்டும்: நான்கு நிமிடம்.
காரணப் பட்டியலில் பனி இருக்கிறது, பறவை இருக்கிறது,
காணாமல்போன பயணிகூட இருக்கிறார்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
"பிற" என்பதில் கோடு போட்டேன்.
பேனாவில் மை உறைந்திருந்தது;
அழுத்தியதில் தாள் கிழிந்தது.