போதிய காரணம்

கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருந்த கடிதத்தில்
ஒரே ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள்:
தாங்கள் நாடு திரும்புவீர்கள் என நம்பப்
போதிய காரணம் இல்லை.

திருமணம், இல்லை. நிலம், இல்லை.
வேலை, ஆறு மாத ஒப்பந்தம்.
ஸ்லொவேனியாவில் ஏதோ ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு
நான் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும்.
விமானக் கம்பெனி பாதிப் பணம் தந்தது.
கயிறு மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது,
அறுபது மீட்டர், ஆரஞ்சு நிறம்,
தண்ணீரில் மிதக்கும் என்று சீட்டில் எழுதி.
கொளத்தூர் வீட்டுக் குளியலறை வாளியில்
ஒரு முனையைப் போட்டுப் பார்த்தேன்.
மிதந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, மூன்றே முக்காலுக்கு,
நான்கு பேர், தில்ஷாத்தின் கார்.
ஊத்துக்கோட்டை தாண்டியதும்
கடைப் பலகைகளில் எழுத்துகள் உருண்டையாகின.
என் அயல்நாடு இவ்வளவுதான்:
முத்திரை குத்த ஆளில்லாத எல்லை,
கொட்டாவி விட்டபடி கையசைத்த காவலர்,
அதே புளியமரம், வேறு மாநிலத்து எண் போட்டு.
சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருக்கிறார்,
நஞ்சு குடித்த அசதி.
"நமக்கு முன்னாடியே ரெஸ்ட்" என்றாள் எஸ்தர்.
யாரும் இறங்கவில்லை.

நாகலாபுரத்தில் டீக்கடை வாசலில் பெஞ்சலய்யா.
முப்பது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு.
எங்கள் ஷூக்களின் விலையைக் கேட்டுவிட்டுச்
சிரிக்காமல் இருக்க மிகவும் முயன்றான்.

ஏறுவது முகட்டு வழி, இறங்குவது ஓடை வழி.
முகட்டில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.
துருப்பிடித்த நிறத்தில் பாறைகள்,
கஜபதியின் மூச்சு, என் மூச்சு,
ஈச்சம்புதரில் மாட்டிக் கிழிந்த சட்டைக் கை.
பிறகு ஓடை.
முதல் குளம் கணுக்கால். இரண்டாவது இடுப்பு.
மூன்றாவதன் தலைமாட்டில் தரை முடிந்துபோயிருந்தது.

"எல்லாரும் எறங்கினதும் கயித்தை உருவிடுவோம்.
அப்புறம் மேல வர வழி கெடையாது.
திரும்பணும்னா இப்பவே சொல்லிடுங்க."
தமிழ்தான் பேசினான்,
ஓரங்களில் தெலுங்கு ஈரம்.

திரும்புவதற்கு என்னிடம்
போதிய காரணங்கள் இருந்தன:
இடது முட்டி, நாற்பத்தொரு வயது,
கீழே தெரிந்த கறுப்புத் தண்ணீர்.
சொல்லவில்லை.

அவன் முதலில் இறங்கினான். அடுத்தது நான்.
பாதி தூரத்தில், பாசி படிந்த ஒரு துருத்தலுக்குக் கீழே,
வலது கை வேலையை நிறுத்திக்கொண்டது.
கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே.
கால் பாறையில் இல்லை, எங்கேயும் இல்லை.
மேலிருந்து தில்ஷாத் ஏதோ சொல்கிறார்,
நீர்ச்சத்தம் தின்றுவிடுகிறது.
கீழே பெஞ்சலய்யாவுக்குத்
தமிழ் மறந்துபோயிற்று.
"வதலண்டி! வதலண்டி!"

எனக்கு அந்தச் சொல் தெரியாது.
யாரோ என்னை வேறு பெயரில்
கூப்பிடுவது போல இருந்தது.
எனக்குப் புரிவதற்குள் கைக்குப் புரிந்துவிட்டது.
சுண்டுவிரல், மோதிரவிரல்,
பிறகு கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது.
கடைசி மூன்று மீட்டரை
இறங்கினேன் என்று சொல்ல முடியாது.

மூக்கில் தண்ணீர், காதில் தண்ணீர்.
இருமிக்கொண்டே கண்ணைத் திறந்தால்
என் முகத்துக்கு எதிரே
ஆரஞ்சு நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது,
சீட்டில் எழுதியபடியே.

எல்லோரும் வந்த பிறகு இழுத்தான்.
மேலே முனை ஒரு கணம் எதிலோ தயங்கி,
விட்டது.
ஐந்து பேரும் அண்ணாந்து
வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு எலுமிச்சை சாதம் பிரித்தோம்.
உப்பு போதவில்லை என்றான் கஜபதி.

திங்கட்கிழமை. பால்கனியில் கயிறு காய்கிறது.
துணி போடவா என்று கேட்கிறார் மேல்வீட்டுக்காரர்.
அளந்து பார்த்தேன், கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.
நனைந்தால் அப்படித்தானாம்.
புதிய விண்ணப்பத்தில் அந்தக் கட்டம்
இன்னும் காலி.
கயிற்றில், நடுவை ஒட்டிய ஓரிடத்தில்,
எவ்வளவு அலசியும் போகாமல்
என் உள்ளங்கைத் தோல் கொஞ்சம்.